வயேஹோவுக்கு மெய்ப்பு பார்த்தவர் யார்?

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில், 1922 அக்டோபரில், சிறைச்சாலைப் பட்டறையைச் சேர்ந்த அச்சகத்தில் ஒரு கவிதைப் புத்தகம் அடித்தார்கள். 200 பிரதிகள். உள்ளே 77 கவிதைகள். எதற்கும் தலைப்பு கிடையாது, ரோமன் எண்கள் மட்டும்தான். புத்தகத்தின் பெயர் 'த்ரில்ஸே'. எழுதியவர் செஸார் வயேஹோ, அப்போது வயது 30. அந்தப் புத்தகத்துக்கு எழுத்துக் கோத்தவர் யார், புரூஃப் பார்த்தவர் யார் என்கிற கேள்வி என்னை விடுவதே இல்லை.

காரணம், பல வருடங்களாக என் பிழைப்பு அதுதான். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை கற்றுக்கொண்டேன். ஈய எழுத்து போய் ஆஃப்செட் வந்து, இப்போது பிடிஎஃப் கோப்பில் பார்க்கிறேன். கண்ணின் பழக்கம் மட்டும் மாறவில்லை. ஒற்று மிகுமா மிகாதா, இந்த இடத்தில் ரகரமா றகரமா என்று அது தானாகவே போய் நின்றுவிடும். அந்தக் கண்ணோடு த்ரில்ஸேயைத் திறந்தால் பத்துப் பக்கம் தாண்ட முடியாது.

ஸ்பானிஷ் எனக்குத் தெரியாது. கிளேட்டன் எஷல்மேன் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில், மூலமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். 9ஆம் கவிதையின் முதல் சொல் 'தேடுகிறேன்'. ஸ்பானிஷில் அது 'பி' (b) எழுத்தில் தொடங்க வேண்டும், வயேஹோ 'வி' (v) போட்டிருக்கிறார். அடுத்த சொல்லின் நடுவில் ஒரு 'வி' வர வேண்டிய இடத்தில் மூன்று நிற்கின்றன. 13ஆம் கவிதை 'ஊமை முழக்கம்' என்று முடிகிறது. முடிந்த கையோடு அந்த இரண்டு சொற்களும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குத் திரும்பிப் போகின்றன. 32ஆம் கவிதை 999 கலோரி என்று ஓர் எண்ணோடு ஆரம்பிக்கிறது. அப்புறம் ரும்ப்ப்ப், த்ர்ர்ர் என்று தெருவின் இரைச்சல். அதற்குள்ளே பிஸ்கட் விற்றுக்கொண்டு போகிறவனின் நீண்ட 'ஊ' என்கிற கூவல் காதுச் சவ்வு வரை வளைந்து வளைந்து ஏறுகிறது.

கைகளால் எழுத்துக் கோக்கிற காலத்தில் இதெல்லாம் எவ்வளவு வேலை என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வோர் எழுத்தையும் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியிலிருந்து விரலால் எடுத்து, வரி கோக்கிற ஸ்டிக்கில் நிறுத்த வேண்டும். பழகிய கை சொல் முழுவதையும் தன் போக்கில் எடுத்துக்கொண்டே போகும், கண்ணுக்குக்கூட வேலை இருக்காது. அந்தக் கையை நடுவில் பிடித்து நிறுத்தி, "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று கேட்கிற கவிதைகள் இவை. லிமா சிறை அச்சகத்தில் யாரோ ஒருவர் அப்படி நின்று, மூன்று 'வி' எடுத்து வைத்திருக்கிறார். திருத்தவில்லை. அந்த முகம் தெரியாத மனிதரிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த கம்பாசிட்டரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. சிறுபத்திரிகைகளுக்கு அவர்தான் எழுத்துக் கோப்பார். ஒருமுறை சொன்னார்: "கதை கட்டுரைன்னா சந்தேகம் வந்தா கேளு தம்பி. கவிதைன்னா கேட்டாலும் திருத்தாத. அவன் எதுக்கு அப்படி எழுதினான்னு நமக்குத் தெரியாது, அவனுக்கே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்." வயேஹோவைப் படிக்க எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வயேஹோ பிறந்தது 1892 மார்ச் 16, சந்தியாகோ தெ சூகோ என்ற ஆண்டிஸ் மலையூர். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. தாத்தாக்கள் இரண்டு பேரும் ஸ்பெயினிலிருந்து வந்த பாதிரியார்கள், பாட்டிகள் இரண்டு பேரும் அந்த மண்ணின் பழங்குடிப் பெண்கள். 1912இல் ஒரு கரும்புத் தோட்டத்தின் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தார். விடியும் முன்பே தொழிலாளிகள் முற்றத்தில் வரிசை கட்டி நிற்பதையும், நாள் முழுக்க வெட்டிவிட்டுக் கைப்பிடி அரிசியோடு திரும்புவதையும் அங்கே பார்த்தார். பிறகு த்ரூஹீயோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்து, 1915இல் ஸ்பானிஷ் கவிதையில் ரொமான்டிசம் பற்றி ஆய்வேடு எழுதினார். பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். பின்னாளில் பெருவின் பெரிய நாவலாசிரியரான சீரோ அலெக்ரீயா அவரிடம் முதல் வகுப்பு படித்தவர்.

அதே 1915இல் அண்ணன் மிகேல் இறந்துபோனார். முதல் தொகுப்பில் அவருக்கு ஒரு கவிதை இருக்கிறது. சின்ன வயதில் இருவரும் கண்ணாமூச்சி ஆடுவார்கள். ஓர் ஆகஸ்ட் இரவில் நீ ஒளிந்துகொண்டாய், ஆனால் சிரித்துக்கொண்டே ஒளியவில்லை என்கிறார் தம்பி. சீக்கிரம் வெளியே வா, அம்மா பயந்துவிடுவாள் என்று முடிகிறது. இதில் மொழிச் சோதனை என்று எதுவும் இல்லை. நேரான, யாருக்கும் புரிகிற கவிதை. 1918இல் அம்மாவும் போய்விட்டார். அந்தத் தொகுப்பு 1918இலேயே அச்சாகிவிட்டாலும், எழுத்தாளர் அப்ரஹாம் வால்தெலோமார் தருவதாகச் சொன்ன முன்னுரைக்காகக் காத்துக் கிடந்தது. முன்னுரை வரவில்லை. 1919இல் அது இல்லாமலே வெளியானது.

அப்புறம் 1920. சொந்த ஊருக்குப் போயிருந்த நேரத்தில் திருவிழாவை ஒட்டிக் கலவரம், ஊரின் பெரிய வணிகக் குடும்பம் ஒன்றின் கடை எரிக்கப்பட்டது. தூண்டிவிட்டவர் என்று வயேஹோ மீது வழக்கு. சில மாதங்கள் ஒளிந்திருந்தார், நவம்பர் 6ஆம் தேதி பிடிபட்டார். த்ரூஹீயோ சிறையில் 112 நாட்கள். 1921 பிப்ரவரி 26இல் வெளியே விட்டார்கள், வழக்கை முடிக்காமல்.

த்ரில்ஸேயில் ஒரு பகுதி அந்தச் சிறைக்குள் எழுதப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது அந்த உடைந்த எழுத்துகள் வேறு மாதிரி கேட்கின்றன. 18ஆம் கவிதையில் அறையின் நான்கு சுவர்களை எண்ணிக்கொண்டே இருக்கிறார், எப்படி எண்ணினாலும் அதே எண்தான் வருகிறது. 3ஆம் கவிதையில் குழந்தைகள் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். பெரியவர்கள் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள்? ஊரின் மணியடிப்பவரான குருட்டு சந்தியாகோ ஆறு மணி அடித்தாயிற்று, இருட்டிவிட்டது, தாமதிக்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் போனாள். சண்டை போடாமல் இருப்போம், காத்திருப்போம் என்று உடன்பிறந்தவர்களிடம் சொல்கிறான் சிறுவன். தண்ணீரில் விட்டிருக்கும் எங்கள் படகுகளில் என்னுடையதுதான் எல்லாவற்றிலும் அழகு என்கிறான். கடைசியில் அகெதீத்தா, நத்தீவா, மிகேல் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இருட்டில் கைகளால் துழாவுகிறான். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்காதீர்கள், அடைபட்டுக் கிடக்கிற ஒரே கைதி நானாக இருக்கக் கூடாது என்று முடிகிறது. சிறுவன் பேசிக்கொண்டு வந்த இடத்தில், கடைசி வரியில் கைதி வந்து நிற்கிறான். அந்த மாற்றத்துக்கு வயேஹோ எந்த முன்னறிவிப்பும் தருவதில்லை. மிகேல் ஐந்து வருடங்களுக்கு முன்பே இறந்தவர் என்று தெரிந்து படித்தால், அந்தக் கூப்பாட்டைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போகவே மனம் வராது.

த்ரில்ஸே என்ற சொல் எந்த அகராதியிலும் இல்லை. அதற்கு ஒரு நண்பர் சொன்ன கதை இது: புத்தகத்தை 'செஸார் பெரு' என்ற புனைபெயரில் போட வயேஹோ நினைத்திருந்தார், முதல் பக்கங்கள் அடித்தும் ஆகிவிட்டது. நண்பர்கள் கேலி செய்ததும் சொந்தப் பெயருக்கே திரும்பினார். அந்தப் பக்கங்களை மறுபடி அடிக்க மூன்று பவுண்டு கூடுதலாகும் என்றது அச்சகம். 'மூன்று, மூன்று' (த்ரேஸ், த்ரேஸ்) என்று ஸ்பானிஷில் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததில் நாக்கு புரண்டு இந்தச் சொல் பிறந்ததாம். வேறு விளக்கங்களும் உண்டு. எனக்கு இந்த அச்சகக் கதைதான் பிடிக்கும், ஃபாரத்தை மறுபடி அடிக்கிற செலவு என்னவென்று எனக்குத் தெரியும்.

முன்னுரை எழுதியவர் நண்பர் அந்தேனோர் ஒர்ரேகோ. அவரைத் தவிர அநேகமாக யாருமே புத்தகத்தைப் புரிந்துகொள்ளவில்லை. புத்தகம் பெரும் வெற்றிடத்தில் பிறந்திருக்கிறது, அதற்கு நானே பொறுப்பு என்று வயேஹோ அவருக்கு எழுதினார். அந்த வருடம்தான் எலியட்டின் 'பாழ்நிலம்' வந்தது, ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' வந்தது. லண்டனிலும் பாரிஸிலும் அவை பெரிய பேச்சாக இருந்தன. லிமாவில் 200 பிரதிகளோடு வந்ததும் அவற்றுக்கு இணையான துணிச்சல்தான். இன்னும் ஒரு படி மேலே என்றுகூட நான் சொல்வேன். எலியட்டுக்கும் ஜாய்ஸுக்கும் கைகொடுக்க ஒரு கூட்டம் இருந்தது. இவருக்கு ஓர் ஒர்ரேகோ.

வழக்கு மறுபடி கிளம்பும் என்று தெரிந்ததும் 1923 ஜூனில் கப்பல் ஏறி பாரிஸ் போனார். திரும்பவே இல்லை. அங்கே பசி, வாடகை பாக்கி, பெருவின் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதி வருகிற சொற்பக் காசு. 1924இல் குடலில் ரத்தப்போக்கு, அறுவை சிகிச்சை. 1928இலிருந்து மூன்று முறை சோவியத் நாட்டுக்குப் போய்வந்தார். கம்யூனிஸ்ட் என்று 1930 முடிவில் பிரான்ஸ் வெளியேற்றியது, கொஞ்ச காலம் மாட்ரிட்டில் இருந்தார். ஜார்ஜெட் பிலிப்பார் என்ற பிரெஞ்சுப் பெண்ணை 1934இல் மணந்தார். நாவல் வந்தது, பயண நூல் வந்தது. கவிதைத் தொகுப்பு மட்டும் வரவில்லை. 1922க்குப் பிறகு சாகும் வரை அவருடைய புதிய கவிதைப் புத்தகம் ஒன்றுகூட அச்சேறவில்லை.

பாரிஸில் 1926இல் அவரும் ஸ்பானிஷ் கவிஞர் ஹுவான் லார்ரேயாவும் சேர்ந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தினார்கள். இரண்டே இதழ்கள். அதில் புதுக்கவிதை பற்றி அவர் எழுதிய சிறு குறிப்பை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். சினிமா, மோட்டார், விமானம், ரேடியோ, ஜாஸ் என்று சொற்களை அடுக்கிவிட்டால் கவிதை புதிதாகிவிடாது, அந்தப் பொருட்கள் நரம்புக்குள் போய்ப் புதிய உணர்வாக வர வேண்டும் என்கிறார். மொழியை அவ்வளவு உடைத்த ஒரு மனிதர் சொல்கிறார் இதை.

எனக்கு ஒரு வழக்கம் மீது நீண்ட நாளாக வருத்தம் உண்டு. வயேஹோவை இரண்டாக வெட்டுகிற வழக்கம். ஒருவர் த்ரில்ஸேயின் சோதனைக்காரர், இன்னொருவர் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்காக அழுத மனிதநேயர். நம் பக்கத்திலும் 'எழுத்து' பத்திரிகை ஒரு கரை, 'வானம்பாடி' கவிஞர்கள் ஒரு கரை என்று நின்று வடிவமா உள்ளடக்கமா என்று எவ்வளவோ மல்லுக்கட்டியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு வயேஹோவிடமும் போகிறோம். ஆனால் மூல எழுத்துகளைப் பார்த்தால் வெட்ட இடமே இல்லை.

1937 ஜூலையில் பாசிசத்துக்கு எதிரான எழுத்தாளர் மாநாட்டுக்காக ஸ்பெயின் போய், போரின் நடுவில் இருந்த மாட்ரிட்டைப் பார்த்துத் திரும்பினார். அந்த செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை கவிதைகள் கொட்டின. பல வருடங்கள் அடைத்துக் கிடந்தது ஒரே மூன்று மாதத்தில் உடைத்துக்கொண்டு வந்தது. நவம்பர் 5 என்று தேதியிட்ட ஒன்றில், ஒருவன் தோளில் ரொட்டியோடு போகிறான், இதற்குப் பிறகு என் இன்னொரு சுயத்தைப் பற்றி எழுதவா என்று கேட்கிறார். ஒரு நொண்டி ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறான், அப்புறம் போய் ஆந்த்ரே ப்ரெதோனை (பிரெஞ்சு சர்ரியலிசக் கவிஞர்) படிக்கவா? ஒரு கொத்தனார் கூரையிலிருந்து விழுந்து சாகிறார், இனி மதியச் சாப்பாடு கிடையாது. இதற்குப் பிறகு உருவகத்தைப் புதுமை செய்யவா? இப்படியே இரண்டிரண்டு வரியாக நடந்து போகிறது. சோதனையைக் கைவிட்டதற்குச் சாட்சியாக இந்தக் கவிதையை எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'சாகிறார், இனி மதியச் சாப்பாடு கிடையாது' என்று மரணத்தையும் சோற்றையும் ஒரே மூச்சில் வைக்கிற வாக்கியத்தை, த்ரில்ஸேயில் மொழியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்திராத ஒருவரால் எழுதவே முடியாது.

இப்போது பேத்ரோ ரோஹாஸுக்கு வருகிறேன். ஸ்பெயின் போரைப் பற்றி வயேஹோ எழுதிய கவிதைகளில் மூன்றாவது. மிராந்தா தெ எப்ரோ ஊரைச் சேர்ந்த ரயில்வே தொழிலாளி. தன் கட்டைவிரலால் காற்றில் 'தோழர்கள் வாழ்க' என்று எழுதுகிற மனிதன். 'வாழ்க' என்ற சொல்லில் 'வி' வர வேண்டிய இடத்தில் 'பி' போடுகிறான். ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒலி ஒன்றுதான், பள்ளிக்கூடம் போகாத காதுக்கு வித்தியாசம் தெரியாது. நம் ஊர்ச் சுவரில் 'வால்க' என்று எழுதியிருப்பதுபோல. அவனைக் கொன்றுவிடுகிறார்கள். சட்டைப்பையில் ஒரு கரண்டி இருக்கிறது, செத்துப்போன கரண்டி என்கிறார் வயேஹோ. அந்தப் பிழையை அவர் திருத்தவில்லை. அது மட்டுமில்லை, அந்த 'பி'யைக் கவிதைக்குள்ளேயே சுட்டிக்காட்டி, பேத்ரோவின் குடலுக்குள் இருக்கும் பிணந்தின்னிக் கழுகின் 'பி' என்கிறார். ஸ்பானிஷில் அந்தப் பறவையின் பெயர் 'பி'யில்தான் தொடங்குகிறது.

இந்தப் பிழை கற்பனையும் இல்லை. புர்கோஸ் நகரில் நீதிமன்றச் செயலாளராக இருந்த அந்தோனியோ ருயிஸ் விலாப்லானா, குடியரசை எதிர்த்துப் போரிட்ட பிராங்கோவின் படை ஆண்ட பகுதியில் தான் பார்த்த கொலைகளை 1937இல் ஒரு புத்தகமாக எழுதினார். சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் ஏழையின் பையில் பென்சிலால் எழுதிய கசங்கிய காகிதம் கிடைத்ததாக அதில் வருகிறது. எல்லாத் தோழர்களுக்கும் சொல்லிவிடு, சீக்கிரம் போய்விடுங்கள், எங்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பிழைகள் நிறைந்த ஸ்பானிஷில் எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தின் 'சொல்லிவிடு'வும் அதே எழுத்து மாறாட்டத்தோடு வயேஹோவின் கவிதைக்குள் வந்துவிட்டது.

1922இல் வயேஹோ 'பி' வேண்டிய இடத்தில் 'வி' எழுதினார். 1937இல் ஒரு தொழிலாளி 'வி' வேண்டிய இடத்தில் எழுதிய 'பி'யை அப்படியே காப்பாற்றினார். இரண்டும் ஒரே கை. ஒரு மனிதனின் மூச்சும் பயமும் பள்ளிக்கூடமின்மையும் எழுத்தில்தான் பதிகின்றன, எழுத்தைச் சரி செய்தால் மனிதன் அழிந்துபோவான் என்பதைச் சிறையில் தன்னை வைத்துத் தெரிந்துகொண்டவர், பதினைந்து வருடம் கழித்து இன்னொருவருக்காக அதைச் செய்தார். சோதனை என்று நாம் சொல்வது அவரிடத்தில் இந்தக் கவனத்தின் இன்னொரு பெயர்தான். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1938 மார்ச்சில் படுத்தார். என்ன நோய் என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. ஏப்ரல் 15, புனித வெள்ளியன்று இறந்தார், வயது 46. கொட்டுகிற மழையில் பாரிஸில் சாவேன், இன்று போலவே ஓர் இலையுதிர் கால வியாழக்கிழமையாக இருக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தார். ஊர் பலித்தது, கிழமையும் பருவமும் பலிக்கவில்லை. தட்டச்சுத் தாள்களில் கிடந்த கவிதைகளை ஜார்ஜெட், வரலாற்றாசிரியர் ரவூல் போர்ராஸோடு சேர்ந்து 1939இல் 'மனிதக் கவிதைகள்' என்று வெளியிட்டார். அந்தத் தலைப்பு கவிஞர் வைத்ததா என்று இன்றுவரை சண்டை.

ஸ்பெயின் கவிதைகள் தனிப் புத்தகமாக 1939 ஜனவரியில், காட்டலோனியாவின் மோன்செர்ராட் மடத்தில் அச்சாயின. குடியரசின் கிழக்குப் படையின் வெளியீடு, பொறுப்பு கவிஞர் மனுவேல் அல்தோலகிர்ரே. பிக்காஸோ வரைந்த வயேஹோவின் முகம் உள்ளே. கடைசிப் பக்கக் குறிப்பு, குடியரசின் வீரர்களே காகிதம் செய்தார்கள், எழுத்துக் கோத்தார்கள், எந்திரத்தை ஓட்டினார்கள் என்கிறது. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தாலும் அலுப்பதில்லை. சில வாரங்களில் காட்டலோனியா விழுந்தது, பிரதிகள் எல்லாம் அழிந்துவிட்டதாகவே உலகம் நினைத்தது. 1983இல் அந்த மடத்தின் நூலகத்திலேயே சில பிரதிகள் கிடைத்தன.

வயேஹோவைப் படிக்க நினைப்பவர்கள் த்ரில்ஸேயின் 3ஆம் கவிதையில் தொடங்குங்கள், பிறகு 18. அடுத்து கொத்தனார் வருகிற கவிதை, அப்புறம் பேத்ரோ ரோஹாஸ். 32ஆம் கவிதையை வாய்விட்டுப் படியுங்கள். இருமொழிப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் மூலத்தின் பக்கத்தை விட்டுவிட வேண்டாம். தமிழில் மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பேத்ரோ ரோஹாஸ் எழுதுகிற இடத்தில் 'வால்க' என்றே போடுங்கள். கோப்பை அனுப்பும்போதே, இது பிழையில்லை, தொட வேண்டாம் என்று புரூஃப் பார்ப்பவருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பிவிடுங்கள்.